அலற மறுத்த வீரன்

பாட்டு வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த மாடி வீட்டு மேசை மேலிருந்த பழைய கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கர்களில் போர்முரசு கணீரென்று கொட்டியது. திரையில் இரும்புத் தொப்பி போட்ட குட்டி வீரன் ஒருவன் மரப்பாலத்தின் மேல் ஓடினான். மூன்றாவது பலகை உடைந்தது. வாயை அகலத் திறந்தபடி பள்ளத்தில் விழுந்தான். அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முரசு மட்டும் கொஞ்சமும் வெட்கமில்லாமல் தொடர்ந்தது.

"கத்துடா!" என்றான் வெடி. "உன் கத்தலை நம்பி ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கு. ஒரே ஒரு தடவை கத்திட்டுச் செத்துப் போயேன்."

தராசு சிரிக்கவில்லை. எதையும் மூன்று முறை நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவன் வெடிதான். அவனுக்கு வெடி என்று பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் வாயே அதைப் பார்த்துக்கொண்டது. ஊரில் தொலைந்த பொருளையும் தொலைந்த மனிதர்களையும் தேடிக் கொடுக்கும் அந்த இருவர் அலுவலகத்தில் அவள் முதலாளி, அவன் உதவியாளன்.

"ஸ்பீக்கர் வயரைப் பார்த்தோமா?" என்றாள் தராசு.

"பார்த்தோம் பாஸ்."

"நான் பார்த்தேனா, பார்த்ததா நினைச்சேனா?"

"பார்த்தீங்க. அது உங்களைத் திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டுச்சு."

இருந்தாலும் அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து வயரை உருவி மறுபடியும் செருகினாள். தன் கண்ணைவிட விரலை நம்புவது அவளுக்குச் சுலபம். இரண்டையும் முழுதாக நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

கதவோரம், இந்த வேலையை அவர்களுக்குக் கொடுத்த அக்கா நின்றிருந்தாள்; அது அவளும் தம்பியும் குடியிருக்கும் வீடு. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை; கைகளில் வெளுப்பு மருந்தின் வாசனை. வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அவளுடைய தம்பி இப்போது போலீஸ் காவலில் இருக்கிறான்.

விஷயம் சுருக்கமானது, கொடூரமானது. தம்பி மூட்டை கட்டும் வேலை பார்த்த கிடங்கின் காவலாளி, முந்தாநாள் மாலை மண்டை உடைந்து கிடந்தார். இன்னும் கண் திறக்கவில்லை. அன்று மதியம்தான் தம்பிக்கும் அவருக்கும் நாலு பேர் பார்க்க வாய்ச்சண்டை. "நான் மாலை முழுக்க வீட்டுல கேம் விளையாடிட்டிருந்தேன்" என்றான் தம்பி. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் ஒத்துப் பேசினாள்: "ஆமா, மேலே ஒரு ஆள் அலறிக்கிட்டே இருந்தான். அந்தக் கேம்ல வர்றவன்தான்."

இன்ஸ்பெக்டர் நேற்று வந்து இதே கம்ப்யூட்டரைப் போட்டு, இதே வீரனை ஓடவிட்டுப் பார்த்தார். பாட்டு வந்தது, அலறல் வரவில்லை. "இதுல யாரும் அலறலையேம்மா. ஒண்ணு அந்த அம்மாவுக்குக் காது சரியில்ல, இல்ல பொய் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டார். நாளைக் காலை தம்பியைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். தராசு கெஞ்சிக் கேட்டதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது: இன்று இருட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை வருவார். வீரன் அலறினால் கேட்பார்.

ஜன்னலில் வெயில் ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது.

"அலறுமா?" என்றாள் அக்கா. காலையிலிருந்து அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

"பார்க்கிறோம்" என்றாள் தராசு. 'அலறும்' என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழாது.

கேமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அதில் இரண்டு சோதனைகள் இருந்தன. இசைச் சோதனை என்றதும் ஊதுகுழல் ஊதியது. குரல் சோதனை என்றதும் அறையே மூச்சைப் பிடித்தது போல் ஓர் அமைதி. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அமைதி.

"ஒரே சவுண்ட் கார்டு, ஒரே ஸ்பீக்கர். பாட்டுக்குத் தொண்டை இருக்கு, பேச்சுக்கு இல்லையா?" என்றான் வெடி. "எங்க சித்தப்பாவுக்கு நேரெதிர்."

தராசு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் அலுவலகம் ஒன்றில் முன்பு அவள் தட்டச்சராக இருந்தபோது இதே மாதிரிக் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

"பாட்டு வேற, பேச்சு வேற" என்றாள் மெதுவாக. "பாட்டை சவுண்ட் கார்டு தானே வாசிச்சுக்கும். இந்த சுரம், அடுத்து அந்த சுரம்னு சொன்னா போதும். அலறல் அப்படி இல்ல. யாரோ ஒருத்தர் நிஜமாவே கத்திப் பதிவு பண்ணினது. அதைக் கம்ப்யூட்டர் வாய் வாயா ஊட்டணும். ஒரு வாய் முடிஞ்சதும் கார்டு மணி அடிச்சு, அடுத்த வாய் கொண்டான்னு கேட்கும்."

"மணி கேட்கலைன்னா?"

"பட்டினி."

"எங்க ஹாஸ்டல் மெஸ்."

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி, அதுக்கு ஒரு நம்பர். கார்டு ஒரு நம்பரை அடிக்க, கேம் வேற நம்பருக்குக் காது கொடுத்துட்டிருந்தா இப்படித்தான் ஆகும். ஸ்க்ரூ டிரைவரை எடு."

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் தூசி மேகமாக எழுந்தது. வெடி தும்மினான். டார்ச் வெளிச்சத்தில் பச்சைப் பலகைகள் தெரிந்தன. ஒரு மூலையில் உருளை வடிவச் சின்ன பேட்டரி, மேலெல்லாம் பாசி படர்ந்த மாதிரி பச்சை உப்புப் பூத்திருந்தது. தராசின் பார்வை அதைத் தாண்டி சவுண்ட் கார்டுக்குப் போனது. கார்டின் மேல் வரிசையாகக் கம்பி முளைகள்; அவற்றில் ஒரு ஜோடியின் மேல் மட்டும், கார்டு அடிக்கும் மணியைக் காட்டும் குட்டித் தொப்பி. பக்கத்தில் அச்சடித்திருந்த எண்: ஏழு.

அமைப்புப் பக்கத்தில் கேம் எதிர்பார்க்கும் எண்ணைப் பார்த்தாள். ஏழு.

இன்னொரு முறை பார்த்தாள். வெடியைப் பார்க்கச் சொன்னாள். அப்போதும் ஏழுதான்.

காலையிலிருந்து அவள் மனசுக்குள் கட்டி வைத்திருந்த ஒரே ஊகம் அதுதான். அது போய்விட்டது.

"தொப்பியைக் கழற்றி அஞ்சாம் நம்பர்ல மாட்டிடலாமே" என்றான் வெடி. "கேம்லயும் அஞ்சுன்னு போட்டுட்டா, பய அலறிடுவான்."

"அலறிடுவான். இன்ஸ்பெக்டர் வந்து, நீங்க மாத்தி வெச்சதால அலறுது, அன்னைக்கு எப்படி அலறும்னு கேட்பார். அதுக்கு என்ன பதில் சொல்வ?"

வெடி தொப்பியிலிருந்து விரலை எடுத்தான்.

"நாம இதை அலற வைக்கிறது பெரிசில்ல. அன்னைக்கு அலறினது இன்னைக்கு ஏன் அலறலைங்கிறதுதான் கேள்வி." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒருவேளை அன்றும் அலறவில்லையோ? தையல்காரம்மா பக்கத்து வீட்டு வானொலியைக் கேட்டிருப்பாளோ? தம்பி பொய் சொல்லியிருந்தால்? இந்த நினைப்பு அக்காவுக்குத் தெரிந்துவிடுமோ என்று தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்ன பாஸ், நம்பர் ரெண்டும் ஒத்துப் போகுதே, அப்புறம் என்ன கோளாறு? வேற எவனாவது அதே மணியை அடிக்கிறானா?"

வெடி விளையாட்டாகத்தான் சொன்னான். தராசு நிமிர்ந்தாள்.

"அடிக்கிறான். ஏழாம் நம்பர் வழக்கமா பிரிண்டரோடது. பிரிண்டரை இணைக்கிற வாசல் கம்ப்யூட்டர் அமைப்புல திறந்திருந்தா அந்த மணியை அதுதான் பிடிச்சு வெச்சிருக்கும்." அக்காவின் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்டுல பிரிண்டர் இருந்துச்சா?"

"பிரிண்டரா? டிவியே இல்லைங்க."

"அப்புறம் இல்லாத பிரிண்டருக்கு வாசலைத் திறந்து வெச்சது யாரு?" என்றாள் தராசு.

கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டாள். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அமைப்பு அழிந்துவிட்டது, தொடர ஒரு பொத்தானை அழுத்தவும் என்றது கம்ப்யூட்டர். அதன் கீழே தேதி: 1980, ஜனவரி 1.

"அடடே" என்றான் வெடி. "நான் இன்னும் பொறக்கவே இல்ல பாஸ். வீட்டுக்குப் போகவா?"

"நேத்து இன்ஸ்பெக்டரும் இதைப் பார்த்திருப்பார். பட்டனைத் தட்டிட்டுப் போயிருப்பார்." தராசு எழுந்துவிட்டாள். "இதுக்கு மறதி வெடி. கோளாறு இல்ல, மறதி! தனக்குச் சொன்னதையெல்லாம் அந்தப் பேட்டரியாலதான் இது ஞாபகம் வெச்சுக்கும். பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு. மறந்ததும் கடையில வாங்கின நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும். வாங்கினப்போ பிரிண்டர் வாசல் திறந்துதான் இருந்திருக்கும்; அதைத் தம்பி மூடி வெச்சிருப்பான்."

"பேட்டரி எப்பவோ செத்ததுன்னா முந்தாநாள் மட்டும் எப்படி ஞாபகம் இருந்துச்சு?"

நல்ல கேள்வி. பதில் இந்த அறையில் எங்கோ இருக்க வேண்டும். தராசு மேசையிலிருந்து வயரைத் தொட்டுக்கொண்டே போனாள். பிளக். சுவர். சுவிட்ச். அங்கே நின்றாள்.

பலகையில் மூன்று சுவிட்சுகள். இரண்டில் விரல் அழுக்கு. மூன்றாவதின் மேலும் கீழும் பிசுபிசுவென்று இரண்டு பட்டைகள். நடுவே பளிச்சென்ற சுத்தம். ரொம்ப நாள் ஏதோ ஒட்டியிருந்து சமீபத்தில் பிய்க்கப்பட்டிருக்கிறது.

"இதுல டேப் ஒட்டியிருந்தது யாரு?"

"தம்பிதான்" என்றாள் அக்கா. "யாரும் அணைக்கக் கூடாதாம். ராப்பகலா ஓடும். எனக்கும் அவனுக்கும் அதுல எப்பவும் சண்டை."

"பிய்ச்சது?"

அக்கா தன் கையைப் பார்த்தாள்.

"எங்க சலவைப் பிரிவுல கடைசியா வெளியே போறவங்க ஒரு சுவிட்ச் விடாம அணைச்சுட்டுத்தான் போகணும். வருஷக்கணக்கா பழகின கை. அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு கேட்டு ஓடி வந்தேன். வீடு திறந்து கிடக்குது, இது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. ஸ்டேஷனுக்கு ஓடணும், வீட்டைப் பூட்டணும்..." அவள் குரல் உடைந்தது. "என்ன பண்றேன்னு தெரியாமலே பிய்ச்சு அணைச்சேன். அப்ப நான்தானா? என் தம்பி வாயை நானே அடைச்சுட்டேனா?"

"தெரியாமத்தானே அணைச்சீங்க. கரண்ட் இருந்த வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு, அணைஞ்சதும் மறந்துடுச்சு" என்றாள் தராசு.

கம்ப்யூட்டரின் ஆரம்ப அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். பிரிண்டர் வாசல்: திறந்திருந்தது. மூடினாள். மூடினாளா என்று ஒருமுறை பார்த்தாள். சேமித்தாள். கேமைத் தொடங்கினாள். முரசு கொட்டியது. வீரன் ஓடினான். மூன்றாவது பலகை உடைந்தது.

"ஆஆஆஆ...!"

அறையே அதிர்ந்தது. ரத்தமும் சதையுமான ஒரு மனிதனின் அலறல். அக்கா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "வாழ்க்கையில ஒருத்தன் சாகிறதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்ல" என்றான் வெடி.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார். பின்னால் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே தையல்காரம்மா. தராசு சுவிட்ச், டேப், பேட்டரி, பிரிண்டர் வாசல் என்று ஒன்று விடாமல் விளக்கினாள். ஒரு முறை விழவைத்தும் காட்டினாள். அலறல் கேட்டதும் தையல்காரம்மா, "இதுவேதான்!" என்றாள்.

"சரி, ஒத்துக்கிறேன். அன்னைக்கும் அலறியிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர்தான், தோற்றதில் அவருக்குக் கோபமில்லை. அக்காவிடம் ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை அக்காவின் தோளைத் தாண்டித் திரையில் நின்றது.

எல்லோரும் திரும்பினார்கள்.

யாரும் கீபோர்டைத் தொடவில்லை. வீரன் ஓடிக்கொண்டிருந்தான். வாளைச் சுழற்றினான், "ஹா!" என்று உறுமினான். எதிரி ஒருவன் மடிந்தான். யாரும் ஆட்டுவிக்காமல் தானே ஆடிக்கொண்டிருந்தான்.

"இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தராசுக்குத் தெரியும். மறந்துபோயிருந்தாள். "யாரும் தொடாம விட்டா... கேமே கொஞ்ச நேரம் தானா ஆடிக் காட்டும் சார். கடையில ஆளைக் கூப்பிடுறதுக்கு."

"குரலோட?"

"...குரலோட."

"அப்ப அவன் இதை ஓடவிட்டுட்டு, கிடங்குக்குப் போயிட்டு வந்திருக்கலாம். கீழே இருக்கிற அம்மாவுக்கு மேலே ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும்." அவர் குரலில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்க சரி பண்ணாம இருந்திருந்தா எனக்கு இது தோணியிருக்காதும்மா."

அக்கா தராசைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. கைவிட்டுப் போன ஒரு பொருளைப் பார்க்கிற பார்வை. தராசு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, அந்தப் பையனுக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே பூட்டியிருக்கிறாள். நிறுத்து நிறுத்துப் பார்த்தவள், எதை நிறுக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டாள்.

"பாஸ்" என்றான் வெடி திரையைப் பார்த்தபடி, பொறாமையோடு. "என்னமா ஆடுறான் பாருங்க. அந்தப் பாலத்தை எவ்வளவு அழகாத் தாண்டிட்டான். நான் காலையிலேர்ந்து அந்தப் பலகைல விழுந்தே செத்தேன்."

தராசு திரையருகே குனிந்து சொன்னாள்: "யாரும் எதையும் தொடாதீங்க."

வீரன் பாலத்தைத் தாண்டி, கோட்டைக்குள் நுழைந்து, கொடியைப் பிடித்தான். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது பலகையை ஒரு துள்ளலில் தாண்டினான். மறுபடியும். மறுபடியும். ஒரு தடவைகூட விழவில்லை.

"அம்மா, உங்க வீட்டுல ஒட்டடைக் குச்சி இருக்கா?"

"இருக்கே" என்றாள் தையல்காரம்மா.

"நீங்க கீழே போய் உட்காருங்க. அன்னைக்குக் கேட்ட அலறல் கேட்டா மட்டும் கூரையை ஒரு தட்டு தட்டுங்க. வேற எந்தச் சத்தத்துக்கும் தட்டாதீங்க."

அவள் இறங்கிப் போனாள். வீரன் தானாக ஓடினான், உறுமினான், வென்றான். தரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் ஒரு சுற்று. அதற்கும் தட்டு இல்லை.

"இப்ப நீ" என்றாள் தராசு. வெடி கீபோர்டில் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கினான். முரசு, ஓட்டம், மூன்றாவது பலகை. "ஆஆஆ!"

டொக்.

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார்.

"தானா ஆடும்போது இவன் விழறதே இல்ல சார்" என்றாள் தராசு. "ஆளைக் கூப்பிட ஆடுறவன் தோத்துக் காட்டுவானா? விழுந்தாத்தான் இந்த அலறல். விழணும்னா ஒரு மனுஷன் உட்கார்ந்து, தப்புத் தப்பா ஆடணும். அன்னைக்கு மாலை முழுக்க யாரோ அப்படி ஆடியிருக்காங்க."

"வேற யாராவது..."

"வீட்டுச் சாவி ரெண்டுதான். இன்னொண்ணு என்கிட்ட" என்றாள் அக்கா. "நான் சலவைப் பிரிவுல இருந்தேன். நீங்களே வந்து விசாரிச்சீங்க."

"விசாரிச்சேன்" என்று ஒப்புக்கொண்டார் இன்ஸ்பெக்டர். தாடையைச் சொறிந்தார். "ஆனா ஒரு மாலை முழுக்கவா ஒருத்தன் ஒரே பாலத்துல விழுவான்? அவ்வளவு கஷ்டமா என்ன இது? நகருங்க தம்பி."

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். முரசு கொட்டியது.

"ஆஆஆ!" டொக்.

"இந்தப் பட்டன் கொஞ்சம் இறுகியிருக்கு." "ஆஆஆ!" டொக்.

"இல்ல, இப்பப் புரிஞ்சிடுச்சு. ஒரு அடி முன்னாடியே தாவணும்." "ஆஆஆ!" டொக்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வெடி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். எத்தனையோ முறை வீரன் பள்ளத்தில் போனான். கடைசியில் ஒட்டடைக் குச்சி விடாமல் மடமடவென்று இடித்தது. அதோடு சேர்ந்து தையல்காரம்மாவின் குரலும் மேலே வந்தது:

"போதும்யா! அன்னைக்கும் இதே கதைதான்! ஒரு பாலத்தைத் தாண்டத் தெரியலைன்னா எதுக்குய்யா உட்கார்றீங்க?"

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். போனை எடுத்து ஸ்டேஷனோடு பேசினார். அந்தப் பையனை விட்டுவிடச் சொன்னார். கிடங்கு ஆட்களில் ஒருவர் விடாமல் மறுபடியும் வரச் சொன்னார். பிறகு அக்காவிடம், "வாங்கம்மா, ஜீப் கீழேதான் நிக்குது. தம்பியைக் கூட்டிட்டு வந்துடலாம்" என்றார். வாசலில் ஒரு நொடி தயங்கினார். "அந்தப் பாலத்தை எப்படித் தாண்டுறதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா உள்ளேதான் சார் கிடந்திருப்பான்" என்றான் வெடி.

எல்லோரும் இறங்க, கடைசியாக வெளியேறியவள் அக்கா. விளக்கை அணைத்தாள். மின்விசிறியை அணைத்தாள். கை தானாக மூன்றாவது சுவிட்சுக்குப் போனது, தொட்டது, சுட்டதுபோல் விலகியது.

இருட்டிய அறையில் யாரும் தொடாமலே வீரன் ஓடிக்கொண்டிருந்தான். அக்கா அவனை அப்படியே ஓடவிட்டுக் கதவைப் பூட்டினாள்.